வாரக் கடைசி இழை: இந்த வாரம் இணையத்தில் கண்ணில் பட்டவை (மணி அடிக்கத் தயாராக இருப்பவர்கள் உள்ளே வரவும்)

மின்மினி_77 · வெள்ளி, இரவு 8.40

இந்த வாரம் இழையைத் தொடங்கும் முறை என்னுடையது. வழக்கமான நிபந்தனைதான்: நீங்களே திறந்து, குறைந்தது பத்து நிமிடமாவது உட்கார்ந்து பார்த்ததைப் போடுங்கள். சுட்டியை வீசிவிட்டு ஓடாதீர்கள். ஏன் அங்கே நின்றீர்கள் என்று நாலு வரி எழுதினால்தான் மற்றவர்களுக்கும் உள்ளே போகத் தோன்றும்.

என் பங்கு: மீனுக்கு ஒரு காலிங்பெல்.

நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரத்துக்குள் படகுகள் கடப்பதற்கான பழைய மதகு ஒன்று இருக்கிறது. வசந்த காலத்தில் மீன்கள் முட்டையிட இடம் தேடி அந்த வழியாக வரும். அந்தச் சமயத்தில் படகுகள் அதிகம் வராது, அதனால் மதகு மூடியே கிடக்கும். கதவு முன்னால் காத்துக் கிடக்கும் மீன்கள் நீர்ப்பறவைகளுக்கு நோகாமல் கிடைக்கும் சாப்பாடு. 2021இல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தண்ணீருக்கு அடியில் ஒரு கேமரா. அது காட்டுவதை உலகில் யார் வேண்டுமானாலும் நேரலையில் பார்க்கலாம். மீன் தெரிந்தால் திரையில் இருக்கும் மணியை அழுத்த வேண்டும். அந்த நொடியின் படம் அங்கே போய்ச் சேரும். மீன்கள் காத்திருப்பது தெரிந்தால் மதகுக்காரர் வந்து கையால் சுற்றிக் கதவைத் திறந்துவிடுவார்.

நேற்று இரவு ஒன்றே முக்கால் மணி நேரம் பார்த்தேன். மீன் வரவில்லை. குமிழிகள் வந்தன, ஒரு இலை வந்தது, பிறகு அதே இலை மாதிரி இன்னொரு இலை. ஆனால் எழுந்து போக மனசு வரவில்லை. நான் போன அடுத்த நிமிடமே ஒன்று வந்து, மணி அடிக்க ஆள் இல்லாமல் நின்றுவிட்டால்?

கடைசிப்பெஞ்ச் · வெள்ளி, இரவு 9.02

பத்து நிமிடம் பார்த்தேன். கலங்கல் தண்ணீர். இதற்கு எதற்கு இணையம், ஒரு வாளி போதும்.

வாசகி · வெள்ளி, இரவு 9.25

கடைசிப்பெஞ்ச், இருட்டின பிறகும் விடியற்காலையிலும்தான் நடமாட்டம் அதிகம். அவர்கள் ஊர் நேரம் பார்த்துவிட்டு உட்காருங்கள். போன வருடம் நான் பெர்ச் என்கிற மீன் ஒன்று பார்த்தேன், முதுகில் வரி வரியாக இருக்கும். ஒருநாள் நண்டு ஒன்று கேமரா கண்ணாடி மேலேயே ஏறி நின்றது. நண்டுக்கு மணி அடிக்கலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அது இறங்கிப் போய்விட்டது.

இந்த வாரம் எனக்குக் கிடைத்ததும் கொஞ்சம் இந்த ஜாதிதான். 2013இல் மெல்போர்ன் மாநகராட்சி நகரத்து மரங்களுக்கெல்லாம் தனித்தனியாக எண்ணும் ஈமெயில் முகவரியும் கொடுத்தது. சுமார் 70,000 மரங்கள். கிளை முறிந்தது, பட்டையை யாரோ உரித்துவிட்டார்கள் என்றால் எந்த மரம் என்று குழப்பமில்லாமல் புகார் எழுதட்டும் என்று செய்த ஏற்பாடு. அதிகாரிகள் எதிர்பார்த்தது புகார். வந்ததோ காதல் கடிதம். "தினமும் உன்னைத் தாண்டித்தான் போகிறேன், இன்றைக்கு உன் இலை பளபளவென்று இருந்தது" என்கிற தொனியில், அந்த ஊரையே பார்க்காதவர்கள் கூட வெளிநாட்டிலிருந்து எழுதியிருக்கிறார்கள். அதைவிட நான் ரசித்தது: சில கடிதங்களுக்கு மரமே எழுதுகிற மாதிரி பதிலும் போயிருக்கிறது. ஏதோ ஒரு ஊழியர் மதிய நேரத்தில் உட்கார்ந்து, ஒரு எல்ம் மரம் எப்படிப் பேசும் என்று யோசித்திருப்பார் பாருங்கள். அந்த வேலையை எனக்குக் கொடுத்தால் சம்பளம் கூட வேண்டாம்.

மின்மினி_77 · வெள்ளி, இரவு 9.31

சம்பளம் வேண்டாம் என்று பொது இடத்தில் எழுதாதீர்கள், யாராவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுவார்கள்.

பழையமோடம் · வெள்ளி, இரவு 10.10

ஒன்றுமே நடக்காத இடத்தை உலகமே உட்கார்ந்து பார்ப்பது புதுசு இல்லை, மின்மினி. வெப்கேம் பிறந்ததே அப்படித்தான்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் டிரோஜன் ரூம் என்று ஒரு அறை. அங்கே இருந்த காபி மெஷின்தான் கட்டடத்தில் பலருக்கும் பொது. வேறு மாடியில் இருப்பவர்கள் படி இறங்கி வந்து பார்த்தால் பாத்திரம் காலியாக இருக்கும். கடுப்பாகி 1991இல் ஒரு கேமராவை அதன் முன்னால் வைத்தார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே, காபி இருக்கிறதா என்று திரையில் பார்த்துக்கொள்ளலாம். 128க்கு 128 புள்ளி, கறுப்பு வெள்ளை, நிமிடத்துக்கு மூன்று படம். 1993இல் அதை வலையில் இணைத்தார்கள், அவ்வளவுதான், உலகம் முழுக்க ஆட்கள் வந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். முன்பின் தெரியாத ஒரு காபிப் பாத்திரம் நிரம்புவதையும் காலியாவதையும்.

நானும் பார்த்தவன். மோடம் கத்தி முடித்து அந்தப் படம் மேலிருந்து கீழாக வரி வரியாக இறங்கும். பாதி இறங்கும்போதே பாத்திரத்தில் கறுப்பு தெரிகிறதா என்று பார்ப்போம். தெரிந்தால் ஒரு சந்தோஷம். அந்தக் காபி யாருக்கோ, எங்கேயோ.

2001 ஆகஸ்ட் 22 அன்று கேமராவை அணைத்தார்கள். கடைசியாக இருந்த பாத்திரத்தை ஈபேயில் ஏலம் விட்டார்கள், ஜெர்மன் பத்திரிகையான டெர் ஸ்பீகலின் இணையப் பிரிவு 3,350 பவுண்டுக்கு எடுத்தது.

கடைசிப்பெஞ்ச் · வெள்ளி, இரவு 10.14

காபிக்காவது ஒரு உபயோகம் இருந்தது.

ஒத்தைச்சுட்டி · சனி, காலை 7.20

காலை வணக்கம் நண்பர்களே. சிரிக்க ஒன்று:

விண்வெளியில் பேனா எழுதாது என்று தெரிந்ததும் அமெரிக்காவின் நாசா பல ஆண்டுகள் உழைத்து, கோடிக்கணக்கில் செலவு செய்து, தலைகீழாகவும் எழுதும் பேனாவைக் கண்டுபிடித்ததாம். ரஷ்யர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பென்சில் எடுத்துக்கொண்டு போனார்கள்!

குறுக்குக்கேள்வி · சனி, காலை 8.05

ஐயா, முதல் பதிவில் இருக்கும் நிபந்தனையைப் படித்தீர்களா? இது எந்தப் பக்கத்தில் பார்த்தது?

இது நடக்கவில்லை. ஆரம்பத்தில் இரண்டு நாட்டுக்காரர்களும் பென்சில்தான் வைத்திருந்தார்கள். ஒடிந்த பென்சில் முனை எடையில்லாத இடத்தில் கீழே விழாது, மிதந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குள் போகலாம், கிராஃபைட் மின்சாரம் கடத்துவதால் கருவிக்குள்ளும் போகலாம். போதாததற்கு மரமும் கிராஃபைட்டும் தீப்பிடிக்கும். அழுத்தமூட்டிய மைக்குழாய் வைத்த அந்தப் பேனாவை ஃபிஷர் என்கிற பேனா நிறுவனம் சொந்தச் செலவில் 1960களின் நடுவில் உருவாக்கியது. நாசா சோதித்துப் பார்த்துவிட்டு வாங்கியது. 1968இல் அப்பல்லோ 7இல் அது போனது. 1969இல் சோவியத்காரர்களும் அதையே வாங்கினார்கள்.

உண்மையில் நாசாவுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது பேனா இல்லை, பென்சில். 1965இல் 34 மெக்கானிக்கல் பென்சில்களை ஒன்று 128 டாலர் 89 சென்ட் என்று வாங்கி மாட்டிக்கொண்டார்கள். கதையைத் தலைகீழாக்கினால்தான் நிஜத்துக்குப் பக்கத்தில் வரும்.

ஒத்தைச்சுட்டி · சனி, காலை 8.30

சிரிப்பதற்குத்தானே போட்டேன். தேர்வு எழுதவா வந்திருக்கிறோம்? இப்படிக் குடைந்தால் இழையில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கடைசிப்பெஞ்ச் · சனி, காலை 8.41

இதில் நான் ஒத்தைச்சுட்டி பக்கம். ஆனால் 128 டாலர் பென்சில்தான் எனக்கு அதிகச் சிரிப்பு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பழையமோடம் · சனி, காலை 10.15

ஒத்தைச்சுட்டி தம்பி, கோபப்படாமல் இதைக் கேளுங்கள். இது நேற்று ராத்திரி நடந்தது, உங்கள் பதிவுக்கு முன்னால்.

அலமாரியைச் சுத்தம் செய்யும்போது ஒரு பழைய சிடி அகப்பட்டது. மேலே என் கையெழுத்தில் "மடல்கள் 2000" என்று இருந்தது. அப்போது சில மின்மடல் குழுக்களில் இருந்தேன், நல்லதாக வந்ததையெல்லாம் சேர்த்து வைப்பேன். சிடி படிக்கும் டிரைவ் தேடவே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. கோப்பைத் திறந்தால் ஒரு எழுத்து கூடத் தமிழ் இல்லை. கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகள், நடுவில் காப்புரிமைக் குறி, பவுண்டுக் குறி. எனக்கு ஒரு கணம் வயிற்றைக் கலக்கியது, கோப்பு செத்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது: அது டிஸ்கி, அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துக் குறியீடு. யூனிகோடு எல்லோர் கணினிக்கும் வராத காலம், ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தோம், மாற்றி வாசித்தால் இப்படித்தான் தெரியும். ஒரு எழுத்துரு மாற்றியில் மொத்தத்தையும் ஒட்டினேன். பொத்தானை அழுத்தினதும் அந்தக் கொம்புகளெல்லாம் அப்படியே 'அன்புள்ள நண்பர்களுக்கு' என்று மாறி நின்றன. இருபது வருடத்துக்கு மேல் வாயைத் திறக்காத ஆள் திடீரென்று பேசினமாதிரி இருந்தது.

ஆசையாகப் படிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது மடல் என்ன தெரியுமா? நாசா பேனா, ரஷ்யப் பென்சில். வார்த்தைக்கு வார்த்தை. கடைசியில் அந்த ஆச்சரியக் குறி உட்பட.

ஒத்தைச்சுட்டி · சனி, காலை 10.32

ஹாஹா. சரி, சரணடைகிறேன். என் சித்தப்பா குழுவில் போட்டது. அவருக்கு யார் போட்டார்களோ.

குறுக்குக்கேள்வி · சனி, காலை 10.40

நீங்களே அனுப்பியிருக்கலாம், 2000இல்.

வாசகி · சனி, பகல் 11.55

குறுக்குக்கேள்வி, உங்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். வெள்ளத்தில் மூழ்கிய சாலையில், கார் ஜன்னலுக்கு வெளியே சுறா நீந்துகிற படம் நினைவிருக்கிறதா? 2011இல் ஐரீன் புயல் சமயத்தில் கிளம்பியது. தென்னாப்பிரிக்கக் கடலில் ஒரு கயாக் படகின் பின்னால் வெள்ளைச் சுறா வருகிற நிஜமான புகைப்படத்திலிருந்து மீனை மட்டும் வெட்டி, சாலைத் தண்ணீரில் ஒட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு எந்த நாட்டில் வெள்ளம் வந்தாலும் அந்தச் சுறா முதல் ஆளாக ஆஜராகிவிடும். நம்மில் பலர் "மறுபடியும் வந்துட்டாரா" என்று கேலி செய்து பழகிவிட்டோம்.

2022 செப்டம்பரில் இயன் புயலின்போது, புளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸில் ஒரு வீட்டுப் பக்கம் தேங்கிய வெள்ளத்தில் சுறா மாதிரி ஒன்று துடுப்பை அடித்துக்கொண்டு போகிற வீடியோ வந்தது. எல்லோரும் சிரித்தோம். செய்தி நிறுவனம் அசோசியேட்டட் பிரஸ் வீடியோவின் மூலத்தை வாங்கி ஆராய்ந்து பார்த்தால், அது நிஜமாகவே அங்கே, அன்றைக்கு எடுத்தது. சின்னச் சுறாவா வேறு பெரிய மீனா என்பதில்தான் நிபுணர்களுக்குள் அபிப்பிராய பேதம். அன்றைக்கு நான் என் தோழியிடம் "இது பழைய மோசடி" என்று ரொம்பத் தெரிந்த மாதிரி பேசிவிட்டேன். இன்னும் அவள் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

குறுக்குக்கேள்வி · சனி, பகல் 12.10

ஒப்புக்கொள்கிறேன். நானும் அன்று சிரித்தவன்தான்.

தூக்கமில்லாராத்திரி · ஞாயிறு, பின்னிரவு 1.48

மீனைப் பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்கிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும். இதுவரை: நுரை, பாசி, நிழல் ஒன்று (மணி அடித்துவிட்டேன், அது நிழல்தான்).

என் தொழில் சர்வர்களோடு என்பதால் என் ரசனையும் அந்தப் பக்கமே போகும். 2002இல் ஒரு கணினி நிர்வாகி மடற்குழுவில் எழுதிய அனுபவம் இது, நான் வருடத்துக்கு ஒரு தடவையாவது போய்ப் படிப்பேன். ஒரு பல்கலைக்கழகத்தில் அவர் மின்மடல் அமைப்பைப் பார்த்துக்கொள்கிறார். புள்ளியியல் துறைத் தலைவர் போன் செய்து, "எங்கள் துறையிலிருந்து 500 மைலுக்கு மேல் ஈமெயில் போக மாட்டேன் என்கிறது" என்கிறார். உங்களுக்கு இப்படி ஒரு போன் வந்தால் என்ன செய்வீர்கள்? நான் என்றால் மெதுவாக வைத்துவிடுவேன். ஆனால் அவர்கள் புள்ளியியல்காரர்கள்; சில நாள் பொறுத்து, தரவு சேர்த்து, வரைபடம் போட்டுவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். நம்மவர் சோதித்துப் பார்க்கிறார். பக்கத்து ஊர்களுக்குப் போகிறது. 500 மைலைத் தாண்டினால் போகவில்லை. பெறுகிற ஆள் எங்கே இருக்கிறார் என்பது முக்கியமில்லை, அவருடைய சர்வர் எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு.

கடைசியில் காரணம் இது: வெளியாள் ஒருவர் வந்து இயங்குதளத்தை மேம்படுத்தியிருக்கிறார், அந்த வேகத்தில் சென்ட்மெயில் மென்பொருள் பழைய பதிப்புக்கு இறங்கிவிட்டது. புதிய பதிப்புக்கு எழுதிய அமைப்புக் கோப்பு பழையதற்குப் புரியவில்லை. புரியாத வரிகளை விட்டுவிட்டது. அதில் ஒன்று, மறுமுனை பதில் தர எவ்வளவு நேரம் காத்திருப்பது என்கிற அளவு. அது பூஜ்யமாகிவிட்டது. அந்தக் கணினியில் பூஜ்யம் என்பது நடைமுறையில் மூன்று மில்லிநொடி. அந்த நேரத்தில் ஒளி எவ்வளவு தூரம் போகும் என்று கணக்குப் போட்டார்: 558 மைல் சொச்சம்.

முதல் தடவை இந்த வரி வந்தபோது நாற்காலியை விட்டு எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

குறுக்குக்கேள்வி · ஞாயிறு, காலை 8.20

அருமையான கதை. ஆனால்... (வாசகி, திட்டாதீர்கள்.) பதில் வரவேண்டும் என்றால் போய்த் திரும்ப வேண்டும், தூரம் பாதியாகிவிடும். கண்ணாடி இழைக்குள் ஒளியின் வேகம் நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான், வெற்றிடத்தில் போவதில் மூன்றில் இரண்டு பங்கு. மூன்று மில்லிநொடிக்கு 600 கிலோமீட்டர், போக வரப் பாதி என்றால் 300. மைலில் 190கூட வரவில்லை. 500 எப்படி?

தூக்கமில்லாராத்திரி · ஞாயிறு, காலை 9.05

இந்தக் கேள்வி நீங்கள்தான் கேட்பீர்கள் என்று ராத்திரியே தெரியும். கணக்கு சரி. அதை எழுதியவரே ஆரம்பத்தில், குற்றவாளிகளைக் காப்பாற்றவும் சலிப்பான விவரங்களைத் தவிர்க்கவும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறார். எண்களை நெருக்கினால் நிற்காது. ஆனால் பதிப்பு இறங்கியது, வரிகள் விடுபட்டது, பூஜ்யமானது, இதையெல்லாம் நான் என் வேலையில் வேறு வேறு வேஷத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை ஒரு அலுவலகத்தில் செவ்வாய்க்கிழமை மட்டும் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று புகார் வந்தது, சிரித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் நிஜமாகவே செவ்வாய்க்கிழமை மட்டும்தான். அதைத் தனி இழையில் எழுதுகிறேன்.

கணக்குப் பிசகாதது வேண்டும் என்றால் புறா இருக்கிறது. 1990 ஏப்ரல் 1ஆம் தேதி, இணையத் தரவைப் புறாக் காலில் கட்டி அனுப்புவது எப்படி என்று இணையத்தின் விதிகளை எழுதிவைக்கும் ஆர்எஃப்சி ஆவண வரிசையில் 1149 என்ற எண்ணில் ஒரு நெறிமுறை வெளியிட்டார்கள். முட்டாள்கள் தின வேடிக்கைதான், ஆனால் மொழி அச்சு அசல் தொழில்நுட்ப ஆவணம். 2001 ஏப்ரலில் நார்வேயின் பெர்கன் நகர லினக்ஸ் குழு அதை நிஜமாகவே செய்து காட்டியது. பாக்கெட் எனப்படும் தரவுத் துண்டைத் தாளில் அச்சடித்து, சுருட்டி, காலில் ஒட்டி, மறுமுனையில் ஸ்கேன் செய்தார்கள். 9 பாக்கெட் போனது, 4 பதில் திரும்பியது. வேகமாக வந்த பதிலுக்கு 53 நிமிடம், தாமதமானதற்கு 106 நிமிடம். இழப்பு 55 சதவீதம் என்று, பதில்களைக் கணக்கெடுத்த நிரலே முகம் மாறாமல் அச்சடித்துக் காட்டியது.

கடைசிப்பெஞ்ச் · ஞாயிறு, காலை 9.11

எங்கள் அலுவலக வைஃபையை விடப் பரவாயில்லை.

மின்மினி_77 · ஞாயிறு, மாலை 4.30

பழையமோடம் ஐயாவின் சிடி சமாச்சாரத்தால் ஒரு காரியம் செய்தேன். நம்முடைய இழைகளில் ஐந்து வருடம் முன்னால் போட்ட சுட்டிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். முதல் பக்கத்தில் இருந்த 22இல் 9 செத்துவிட்டன. இரண்டு சூதாட்டத் தளமாக மறுபிறவி எடுத்திருக்கின்றன. பியூ ஆய்வு மையம் 2024இல் சொன்னது நினைவு வந்தது: 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்தில் காணாமல் போய்விட்டன.

இனிமேல் பிடித்த பக்கத்தை இங்கே போடும்போதே பழைய வலைப்பக்கங்களைக் காப்பாற்றி வைக்கும் வேபேக் மெஷின் தளத்திலும் ஒரு பிரதி சேமித்துவிடுங்கள். முகவரியை ஒட்டி ஒரு பொத்தான், அரை நிமிட வேலை.

வாசகி · ஞாயிறு, மாலை 5.15

செய்யலாம். இன்று என்னுடையது சின்னது: நீல் டாட் ஃபன் தளத்தில் ஆழ்கடல் பக்கம். கீழே தள்ளத் தள்ளக் கடலுக்குள் இறங்குகிறோம், ஓரத்தில் மீட்டர் ஓடுகிறது. அந்தந்த ஆழத்தில் வாழும் ஜீவன்கள் வந்து போகின்றன. 3,800 மீட்டர் பக்கம் டைட்டானிக் கிடக்கிறது. அதோடு முடிந்தது என்று நினைத்தால் மூன்றில் ஒரு பங்குதான் வந்திருக்கிறோம். விரல் வலித்தது. இருட்டு கூடிக்கொண்டே போகும்போது நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டேன், வெறும் திரைதான் என்று தெரிந்தும்.

கடைசிப்பெஞ்ச் · ஞாயிறு, இரவு 11.52

நண்பர்களே யாராவது விழித்திருக்கிறீர்களா

கடைசிப்பெஞ்ச் · ஞாயிறு, இரவு 11.53

மீன்

கடைசிப்பெஞ்ச் · ஞாயிறு, இரவு 11.58

வந்தது. நின்றது. நான் பிரவுசரில் வேறு பக்கத்தில் இருந்தேன், சும்மா திரும்பினேன், இடது ஓரத்தில் பச்சைக் கலங்கலுக்குள் ஒரு வாய். பிறகு கண். பிறகு உடம்பு வந்துகொண்டே இருக்கிறது, முடியவே இல்லை. பெரிசு. கேமராவுக்கு நேராகத் திரும்பி அப்படியே நின்றது, செவுள் மட்டும் மெதுவாகத் திறந்து மூடுகிறது. எனக்கு மணி எங்கே இருக்கிறது என்பதே மறந்துவிட்டது. மௌஸ் கைக்கு அகப்படவில்லை. அடித்துவிட்டேன். மூன்று தடவை அடித்தேன், தப்பா?

தூக்கமில்லாராத்திரி · திங்கள், பின்னிரவு 12.03

நானும் பார்த்தேன்!! பக்கத்திலேயே இன்னொன்றும் இருந்தது, சின்னது. மூக்கு வாத்து அலகு மாதிரி தட்டையாக இருந்ததா? அப்படியானால் அது பைக் என்கிற மீன்.

கடைசிப்பெஞ்ச் · திங்கள், பின்னிரவு 12.05

மூக்கையெல்லாம் யார் கவனித்தார்கள். அது என்னைப் பார்த்தது ஐயா.

வாசகி · திங்கள், காலை 6.40

வாளியில் தெரிந்ததா, கடைசிப்பெஞ்ச்?

மின்மினி_77 · திங்கள், காலை 7.15

மொத்தம் ஆறு மணி நேரம் பார்த்த எனக்கு இரண்டு இலை. பத்து நிமிடத்தில் மூடிவிட்டுப் போனவருக்கு பைக். இழையை இத்துடன் பூட்டுகிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை தொடங்கும் முறை கடைசிப்பெஞ்சுடையது.

கடைசிப்பெஞ்ச் · திங்கள், காலை 7.18

தொடங்குகிறேன். மீன் தவிர வேறு ஏதாவது பார்க்க நேரம் கிடைத்தால்.